நல்ல சேதிக்கு ஒரு சால்வை

பெகிமாய்க்கு எது கிடைத்தாலும் சைகாலுக்கு வயிறு எரியும். இது இன்று நேற்று வந்ததல்ல. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரே விடுதி அறையில் ஐந்து வருஷம் ஒன்றாகப் படித்த காலத்திலேயே தொடங்கியது. இப்போது இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில் ஆட்டு ரோமத்தை ஆராய்கிறார்கள். சைகால் எழுதிய கட்டுரைகள் பதினான்கு, பெகிமாய் எழுதியவை நான்கு. ஆனாலும் மாணவர்கள் பெகிமாய் பின்னால்தான் போனார்கள். விலை போகாது என்று மேய்ப்பர்கள் எரித்துப்போடும் முரட்டு ரோமத்தை அழுத்திப் பலகையாக்கி, குளிர் புகாமல் சுவருக்குள் வைக்கலாம் என்று பெகிமாய்தான் கண்டுபிடித்தாள். ஐந்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனியே ஆரம்பித்துவிட்டாள், மகராசி.

மாணவர் தொழில்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு புது ஆய்வு மையம் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதன் தலைமைக்கு இருவருமே மனுப் போட்டார்கள். இந்த ஒன்றாவது எனக்கு வரட்டும் என்று சைகால் பல் தேய்க்கும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம், பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ராயா அக்கா போனில் கூப்பிட்டாள்.

"சைகால், உன் சிநேகிதி எங்கடி? போனே போக மாட்டேங்குது."

"சூசமிர் மலை மேய்ச்சல்ல இருக்காக்கா. ரோமம் வெட்டுற சமயம். பசங்களையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டா."

"நல்ல நேரம் பார்த்துப் போனா போ! மையத்துக்குத் தலைமை அவதான். நாளைக்கு மதியத்துக்குள்ள சம்மதம்னு எங்கிட்ட போன்லயாவது சொல்லணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"அடுத்தது யாரு?"

"வேற யாரு, நீதான். அவகிட்ட சேதியைச் சும்மா சொல்லிடாதே. சுயுன்ச்சு கேளு. பெரிசா ஏதாவது கறந்துடு!"

அந்த ஊர் வழக்கப்படி, நல்ல சேதியை முதலில் கொண்டுவருபவருக்குச் சுயுன்ச்சு என்று ஒரு பரிசு கொடுத்தே ஆக வேண்டும். சைகால் பிறந்த சேதி சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு அவள் அப்பா தலையில் இருந்த தொப்பியையே கழற்றிக் கொடுத்தாராம். அன்று மதியம் சைகாலுக்கு அந்தத் தொப்பி ஞாபகம் வந்தது. அவள் அதைச் சட்டென்று ஒதுக்கினாள்.

மாலை ஆறு மணிக்கு போன் அடித்தது. மேய்ச்சலில் சிக்னல் கிடையாது. பெகிமாய் தினமும் ஒரு குன்றின்மேல் ஏறி நின்று இவளைத்தான் கூப்பிடுவாள்.

"என்னடி பண்றே? இங்க ஒரு தாத்தா புளிச்ச குதிரைப்பால் குமிஸை ஊத்தி ஊத்தியே எங்களைக் கொல்றாரு. மையத்துச் சேதி ஏதாவது வந்துச்சா?"

சேதி சைகாலின் நாக்கு நுனியில் இருந்தது.

"ஒண்ணும் வரலை."

"வந்தா உனக்குத்தான் வரும், பாரேன். பதினாலு கட்டுரையாச்சே, சும்மாவா!"

காற்றிரைச்சலுக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது. சைகாலுக்கு இன்னும் எரிந்தது. தோற்பதைப் பற்றிக்கூட இவ்வளவு லேசாகப் பேச இவளால் எப்படி முடிகிறது?

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டாகும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய், லைனே கிடைக்கவில்லை என்று ராயா அக்காவிடம் சொல்லிவிட்டுத் தலைமைப் பதவிக்கான சம்மதத் தாளில் தன் பெயரில் கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாகத்தான் எழுதியது.

திங்கட்கிழமை காலை. நடைபாதையில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம்.

"சுயுன்ச்சு! சைகால், சுயுன்ச்சு!"

பெகிமாய்தான். வேனிலிருந்து இறங்கியதும் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நேரே ஓடிவந்திருக்கிறாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது, தலைமுடியெல்லாம் ரோமம்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா? எனக்கென்ன, நான்தான் முதல்ல! தலைமை நீதாண்டி! எடு சுயுன்ச்சு!"

சைகால் தோளில் கிடந்த சால்வையை உருவிக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? பெகிமாய் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினாள்.

"இன்னொண்ணும் வேணும். எம் பசங்களுக்கு ஜன்னல் வெச்ச அறையா ஒண்ணு குடு. ரோமத் தூசியில இருமிக்கிட்டே கிடக்குதுங்க. எனக்குன்னு எதுவும் வேணாம்."

எனக்குன்னு எதுவும் வேணாம்! பதவியைப் பிடுங்கியாயிற்று, இந்த மனசை எப்படிப் பிடுங்குவது? அதுவும் இவளிடமேதான் இருக்க வேண்டுமா? இந்த முகம் ஒரே ஒரு தடவையாவது சுருங்கட்டும் என்று சைகாலுக்கு ஆங்காரம் வந்தது.

"சுயுன்ச்சு நான்தான் உங்கிட்ட கேட்டிருக்கணும்," என்றாள். "வியாழக்கிழமையே."

"என்னது?"

"உன்னைத்தான் எடுத்தாங்க. மறுநாள் மதியம்வரை டைம் இருந்துச்சு. நீ குன்றுமேல நின்னு கேட்டியே, அப்பவே எனக்குத் தெரியும்."

பெகிமாய் சிரித்தாள், கேலி என்று நினைத்து. பிறகு சைகாலின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

சைகால் கேட்டது கிடைத்தது. அந்த முகம் சுருங்கியது. பார்க்க நன்றாயில்லை.

பெகிமாய் கழுத்திலிருந்த சால்வையை அவிழ்த்தாள். அதில் ஒட்டியிருந்த ரோமத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, நாலாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சுயுன்ச்சு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த யாரையும் சைகால் அதுவரை பார்த்ததில்லை.