பாடையில் படுத்த நிபாரண்

மூங்கில் பாடையில் நாலு மணி நேரம் படுத்ததில் நிபாரண் பாவுரிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கல் குவாரியில் முப்பது வருடம் குனிந்த இடுப்பு அது. தூக்கியவர்கள் நடுவில் சிரித்துத் தொலைத்ததால் எட்டுத் தடவை படுக்க வேண்டியிருந்தது.

"வயிறு ஏறி எறங்குது மாமா. மூச்ச அடக்குங்க," என்றான் சுபல். மேற்கு வங்கத்தில், புருலியா பக்கத்தில் அவன் எடுக்கும் சிரிப்பு வீடியோ வராத போன் கிடையாது.

"ஒரேயடியா அடங்கிட்டா நாளைக்கு யாரடா வெச்சு எடுப்ப?"

"நாளைக்கு உங்களுக்கு வேஷமே கெடையாது. நிம்மதியா அடங்குங்க."

வீடியோவில் நடிக்கிற யாருக்கும் சுபல் வேறு பெயர் வைக்கமாட்டான். புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குவாரி ஆட்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் சொந்தப் பெயர், சொந்தத் தெரு, சொந்த வாசல். கதைப்படி, செத்த நிபாரண் பாதி வழியில் எழுந்து பொரி கேட்பான். சுபல் அதை மறைத்துவிட்டு, பெயர் சொல்லி அழுவதையும் பாடை போவதையும் மட்டும் அரை நிமிடத் துண்டாக முதலில் போட்டான். சிரிப்பை முன்னாலேயே காட்டினால் முழுசையும் எவன் பார்ப்பான்?

ஐந்தாம் நாள், வீடியோவுக்குக் கீழே இருந்த எண்ணுக்கு ஜால்தாவிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது நிபாரணின் மருமகன் தபன். கொள்ளி வைத்தது யார் என்று கேட்டான். சுபல் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நிபாரணிடம் மெதுவாகச் சொன்னான்: "மாமா, புதுல் உங்களுக்குக் காரியம் பண்ணி முடிச்சிட்டாளாம்."

வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்ட மகள் புதுலோடு நிபாரண் பேசி ஐந்து வருடம் ஆகிறது. அப்பன் செத்தாலும் தனக்குச் சொல்லி அனுப்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் யாரையும் கேட்காமல் நம்பிவிட்டாள்.

நிபாரண் அடுத்த பஸ்ஸில் ஜால்தா போனான். புதுல் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் கை அப்படியே நின்றது.

"அது நடிப்பும்மா. பொரி கேட்டு எந்திரிக்கிற கதை."

"மூணு நாளு உப்பில்லாம ஒருவேளைச் சோறு தின்னேன். நாலாம் நாளு கொளத்தங்கரையில பிண்டம் வெச்சேன். அவரு வேலைக்குப் போகாம கூடவே நின்னாரு."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா மட்டும் வந்திருப்பியா?"

தபன் உள்ளிருந்து பாய் கொண்டுவந்து போட்டான். சொம்பில் தண்ணீர் வைத்தான். அந்த வீட்டுத் தண்ணீரை நிபாரண் முதல்முறையாகக் குடித்தான். பிறகு வேலியோரம் அறுகம்புல் கிள்ளினான். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி நெல்லை எடுத்தான். கல்யாணத்தன்று புல்லும் நெல்லுமாக இருவர் தலையிலும் போட்டு வாழ்த்தியிருக்க வேண்டியது.

புதுல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உன்னோட இந்தக் கைக்கு நேத்துதான் பிண்டம் வெச்சேன்ப்பா. இன்னிக்கு அதே கையால வாழ்த்து வாங்க எனக்குப் பயமா இருக்கு. அவருக்கும் வேணாம்."

"எப்ப வரட்டும்?"

"தெரியல."

நெல்லைத் திரும்ப முடிந்துகொண்டு பஸ் ஏறினான். மகளுக்கும் மருமகனுக்கும் அவன் கொடுக்க வேண்டிய கல்யாண வாழ்த்து இன்னும் பாக்கி.