சாயாத கோடு

ஆம்பூர் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவன் முனிரத்தினம். பட்டப்பகலில் அவன் தள்ளாடிக்கொண்டு போனால், சாராயம்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் மறுக்கவில்லை. சிறுமூளை சுருங்குகிறது, லட்சத்தில் ஒருத்தனுக்கு வரும் பரம்பரை வியாதி என்று பார்க்கிறவனுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க யாரால் ஆகும்? குடிகாரன் என்றால் ஒரே வார்த்தையில் தொல்லை விட்டது.

ஆறு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலூர் ஆஸ்பத்திரியில் முப்பது அடி நடந்து காட்டுவான். புள்ளிவிவரம் பார்க்கும் அரங்கநாதன் கடிகாரமும் கையுமாக நின்று, அவன் வேகத்தைக் கிராஃப் தாளில் புள்ளியாக வைப்பார். அவரிடம் மொத்தமே ஒன்பது நோயாளிகள். எட்டுப் பேருடைய கோடு சரிந்தது. முனிரத்தினத்தின் கோடு மட்டும் அசையவே இல்லை. அதை நம்பி அவர் ஒரு பெரிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார், பாவம்.

எண்பத்திரண்டாம் வருடம் தங்கை அமிர்தவள்ளிக்கும் கால் பின்னத் தொடங்கியது. ஷூ கம்பெனியில் அவளைப்போல் வேகமாகத் தைக்க ஆளில்லை. "மெஷின்லயே இருக்கியா, பேக்கிங்குக்குப் போறியா?" என்று இந்த மாதத்துக்குள் சொல்லும்படி சூப்பர்வைசர் கெடு வைத்துவிட்டான். பேக்கிங்கில் கூலி பாதிதான்; மெஷினிலோ கை கொஞ்சம் தவறினாலும் ஊசி விரலில் இறங்கும்.

அவளையும் வேலூருக்குக் கூட்டிப்போனான். அரங்கநாதன் தாளை விரித்தார்.

"கவலையே வேணாம்மா. ஒரே ரத்தம். உன் கோடும் அண்ணன் கோடு மாதிரிதான் போகும். பத்து வருஷம் தாராளமா தைக்கலாம்."

அமிர்தவள்ளிக்கு முகமெல்லாம் பல். முனிரத்தினம் அந்தத் தாளைக் கையால் மறைத்தான்.

"சார், அந்தக் கோட்ட நம்பாதீங்க. பொய்யி அது."

"இன்னாண்ணா சொல்ற?" என்றாள் தங்கை.

"கால் நல்லாருக்கற நாளாப் பாத்துதான் வருவேன். இல்லாட்டி பேதி, மழைன்னு தபால் கார்டு போட்டு நாளத் தள்ளிடுவேன்."

"ஏன்யா?" என்றார் அரங்கநாதன்.

"தோல் கட்டுல நல்ல தோலத்தான சார் மேல வெப்போம்? பாக்க வர்றவங்கிட்ட ஓட்டையயா காட்டுவாங்க?"

அவர் முகத்தைப் பார்க்க இரக்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. தங்கையைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன.

"மாசத்துல நல்ல நாள் எத்தன?" என்று கேட்டார் அரங்கநாதன்.

"முன்ன இருவது இருக்கும். இப்ப நாலஞ்சு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ரொம்பப் பேஜாரு சார். இவளுக்காகத்தான் வந்தேன்."

"நட, பாப்போம்."

சுவரைப் பிடிக்காமல் நடந்தான். பதினெட்டாவது அடியில் தொப்பென்று விழுந்தான். அரங்கநாதன் கடிகாரத்தை நிறுத்தி, வெகு கீழே ஒரு புள்ளி வைத்தார்.

அமிர்தவள்ளி அந்தப் புள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து, அண்ணனின் கக்கத்தில் கை கொடுத்தாள்.

"ஏந்திரிண்ணா. நாளைக்கே பேக்கிங்குல போடச் சொல்லிடறேன்."