தனிமைக்குப் பதினெட்டு மதிப்பெண்

முதியவர்களின் தனிமையைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க அவள் கடல் கடந்து வந்திருந்தாள். பட்டம் கைக்கு வரவில்லையே தவிர, ஊரில் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் இப்போதே 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆய்வுக் களம் ஒரு பொதுச் சலவைக் கூடம். ஒன்பது வாஷிங் மெஷின், சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. வீட்டில் மெஷின் இருந்தும் பெரியவர்கள் ஏன் துணி மூட்டையோடு இங்கே வருகிறார்கள் என்பதே அவள் கேள்வி.

"மொதல் மாசம் யார்கிட்டயும் வாயக் கொடுக்காத. சுவரோட சுவரா இருந்து கவனி" என்று நெறியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் சொன்ன சொல் தட்டாத மாணவி. காலை ஒன்பது மணிக்கு நோட்டும் பேனாவுமாகப் பெஞ்சுக் கோடியில் உட்காருவாள். மதியம் ஒரு ரொட்டியைக் கொறிப்பாள். மூன்று மணி வரை எழுதித் தள்ளுவாள்.

மூன்று வாரத்தில் கண்டுபிடித்தது இது: 'இங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. தனிமையின் உச்சம்.'

நான்காவது வாரம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் அம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நகராட்சியின் நலப்பணியாளராம்.

"பயப்படாதீங்க. உங்க மேல அக்கறைப்பட்டு சில பேர் எங்களுக்குச் சொன்னாங்க."

"என் மேலயா?"

"தினமும் தனியா வந்து உக்கார்றீங்களாம். துவைக்க ஒரு துணிகூடக் கொண்டு வர்றதில்லையாம். யாரோடயும் பேசாம எதையோ எழுதிக்கிட்டே இருக்கீங்களாம்."

ஆராய்ச்சி, பல்கலைக்கழகம், நெறியாளர் என்று அவள் மூச்சு விடாமல் விளக்கினாள். நலப்பணியாளர் எல்லாவற்றுக்கும் கனிவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மறுத்துப் பேசாதே, தலையை மட்டும் ஆட்டு என்று பயிற்சி வகுப்பில் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு தனிமையை அளக்கும் இருபது கேள்விகள் கொண்ட படிவம் வெளியே வந்தது. முதல் கேள்வியிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த மாதம் அவள் மற்றவர்களிடம் கேட்க வைத்திருந்த அதே கேள்விகள், எழுத்துப் பிசகாமல்!

பொய் சொல்ல மனம் வரவில்லை. போன வாரம் யாரோடாவது சேர்ந்து சாப்பிட்டீர்களா? இல்லை. உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவை. கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது?

அவள் மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அடுத்த கேள்விக்குப் போலாமா மேடம்?"

கூட்டிப் பார்த்தால் இருபதுக்குப் பதினெட்டு. "இந்த வட்டாரத்துல பதினாலத் தாண்டினவங்களே கிடையாது" என்றார் நலப்பணியாளர். படிப்பில் எப்போதும் முதலிடம் வாங்கியே பழகியவளுக்கு இந்த முதலிடம் மட்டும் இனிக்கவில்லை.

மறுநாள், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பிளாஸ்க்கோடு வந்து நெருங்கி உட்கார்ந்தார். "டீ குடிக்கிறியாம்மா?" அதற்கு மறுநாள் தையல்காரம்மா. முறை போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பது அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. இந்தப் பெண்ணைப் பேசவைத்தாக வேண்டும் என்பதற்காக, மனைவி போன கதை, மகன் பேசாத கதை என்று அவர்கள் மனம்விட்டுக் கொட்டினார்கள்.

"அப்ப மூணு வாரமா ஏன் யாருமே பேசல?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடி இங்க பேச்சுச் சத்தத்துல காது கொடுக்க முடியாது. கூடத்த இழுத்து மூடறதுக்கு, எத்தன பேர் வர்றாங்கன்னு ஆள் எண்ண வந்தவள்னு நெனச்சோம். அதான் உன் தல தெரிஞ்சாலே கப்சிப். தையல்காரம்மாதான், 'பாவம், அதுக்குப் போக்கிடம் இல்ல போல'ன்னு கண்டுபிடிச்சாங்க."

அன்றே நோட்டில் பழைய நாற்பது பக்கத்தையும் கோடு போட்டு அடித்தாள். புதிதாக எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு நெறியாளர் எழுதினார்: 'அபாரம். இவ்வளவு சீக்கிரம் இவர்கள் நம்பிக்கையை எப்படிப் பெற்றீர்கள்? விரிவாக எழுதவும்.' அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அவள் பதில் போடவில்லை.

மூன்று மாதம் கழித்து நலப்பணியாளர் மறுபடி படிவத்தை நிரப்பினார். ஐந்து மதிப்பெண். பட்டியலிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது.

மறுநாள் அவள் உள்ளே நுழைந்தபோது ஒருவரும் எழுந்து வரவில்லை. ஓர மெஷினுக்காக டிரைவரும் தையல்காரம்மாவும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவள் துணி மூட்டையை இறக்கிவிட்டு, இன்னொருவரோடு சேர்ந்து போர்வை மடிக்கப் போனாள்.

"இந்தாம்மா, நீதான் எல்லாத்தையும் கவனிக்கிறவளாச்சே! யார் மொதல்ல வந்தாங்க, சொல்லு!" என்று டிரைவர் கத்தினார்.

"தெரியல சார்" என்றாள். "நான் கவனிக்கல."