ஓர்லாத் தீவின் முதல் கோல்

ஓர்லாத் தீவில் மூவாயிரத்து நூறு பேர் வசிக்கிறார்கள். ஆடுகள் அதைவிட அதிகம். அது தனி நாடு அல்ல. ஆனாலும் பெண்கள் தேசியக் கால்பந்து அணி உண்டு. தீவில் சமதளமான நிலம் ஒன்றுதான். அணி அதில் ஆடுகிறது.

ஆறு ஆண்டுகளில் பதினான்கு ஆட்டங்கள். ஒரு கோல்கூட அடித்ததில்லை. இந்தியப் பயணத்திலும் அடிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு நிலத்தை மேய்ச்சலுக்கு விடுவது என்று தீவின் மன்றம் தீர்மானித்திருந்தது. எதிரணி தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் கோல் செல்லாது என்றும் தீர்மானத்தில் ஒரு வரி இருந்தது.

அணியின் மேலாளர் லாயிட். பெங்களூரில் லிங்கராஜபுரத்துக்காரன். தீவின் ஒரே மருத்துவர். அணியில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியதும் அவன்தான். செலவு குறைவு, ஊர் தெரிந்த ஊர் என்று சொல்லிப் பதிமூன்று பேரையும் பெங்களூருக்கு அழைத்து வந்திருந்தான். முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினார்கள். இரண்டாவதில் ஆறு. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, லிங்கராஜபுரம் பெண்கள் அணியுடன்.

சனிக்கிழமை மாலை லாயிட் தன் சின்னம்மா காந்தாவின் வீட்டுக்குப் போனான். காந்தாவின் மகள் பிரபா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. லிங்கராஜபுரம் அணியின் கேப்டனும் கோல்கீப்பரும் அவள்தான். அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் அவளைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.

லாயிட் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னான். ஆடுகளைப் பற்றியும் சொன்னான். பிறகு கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு மா. நீ பாட்டுக்கு நில்லு. அது பாட்டுக்கு உள்ள போவட்டும்."

"அவங்க அடிச்சா என் வரைக்கும் வருமா அண்ணா?"

லாயிட் யோசித்தான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிரபா கடைசியில் சரி என்றாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் காந்தா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேவாலயத்தில் காலைப் பூசை முடிவதற்குள் பாடகர் குழு முழுவதற்கும் தெரிந்திருந்தது. மூன்று மணிக்கு மைதானத்தின் படிகளில் உட்கார்ந்திருந்த இருநூறு பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் ஓர்லா அணியினர் மட்டுமே.

முதல் பாதியில் பிரபாவுக்கு வேலை இல்லை. பந்து நடுக்கோட்டைத் தாண்டி அவள் பக்கம் வரவேயில்லை. லிங்கராஜபுரம் ஐந்து கோல் அடித்தது. கோல் விடுவது பற்றித்தான் பேச்சே தவிர அடிக்காமல் இருப்பது பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு தடுப்பாட்டக்காரர்கள் வழிவிட்டார்கள். ஓர்லாவின் கேப்டன் ஹெஸ்டர், தீவில் தபால் கொடுப்பவள், தன் முன்னால் திடீரென்று யாருமில்லாததைப் பார்த்து நின்றுவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

நேரான பந்து. பிரபா பிடித்துவிட்டாள்.

அவள் பிடிக்க நினைக்கவில்லை. சின்ன வயதில் அவள் ஆடிப் பழகிய சந்தில் கோலுக்குப் பின்னால் ராஜகால்வாய். பந்தை விட்டவள்தான் அந்தச் சாக்கடைக்குள் இறங்கி எடுக்க வேண்டும். ஏழு வருடம் அப்படி ஆடிய கைகள். யார் சொல்லியும் கேட்காது.

இன்னும் இரண்டு பந்துகள் வந்தன. அவற்றையும் பிடித்தாள். படிகளிலிருந்து குரல்கள் வந்தன.

"வுடு பிரபா. கெஸ்ட்டு மா அவங்க."

கூட்டம் என்ன சொல்கிறது என்று ஹெஸ்டர் கோட்டோரம் நின்ற லாயிட்டிடம் கேட்டாள். உங்களை உற்சாகப்படுத்துகிறார்கள் என்றான்.

எழுபதாவது நிமிடத்தில் தடுப்பாட்டக்காரி சௌம்யா பெனால்டி எல்லைக்குள் வந்த பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து, நடுவர் நரேஷிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நரேஷ் பெனால்டி கொடுத்தார்.

ஹெஸ்டர் பந்தை வைத்தாள். அவள் கண் வலது மூலையில் இருந்தது. பிரபா எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுந்தாள். ஹெஸ்டரின் கால் சரியாகப் படவில்லை. பந்து மெதுவாக அதே பக்கம் உருண்டு வந்து, கீழே கிடந்த பிரபாவின் வயிற்றில் முட்டி நின்றது.

படிகளில் பலர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

ஹெஸ்டர் பிரபாவைப் பார்த்தாள், சௌம்யாவைப் பார்த்தாள், படிகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. லாயிட்டிடம் போய், கொடுத்த கோலை மன்றத்துக்கு எழுதமாட்டேன், அதற்கு ஆடுகளே மேல் என்றாள்.

அவள் சொன்னது பிரபாவின் காதிலும் விழுந்தது. தன் ஆட்களைக் கூப்பிட்டாள். இனி யாராவது வழிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இடம் இல்லை என்றாள்.

எண்பத்தெட்டாவது நிமிடம் ஓர்லாவுக்கு ஒரு கார்னர். ஹெஸ்டருக்குக் காவல் சௌம்யா. பந்து உயர்ந்து வந்தது. இருவரும் எழும்பினார்கள். ஹெஸ்டரின் தலையில் பட்டுத் தூணோரமாகப் போனது. பிரபா முழு நீளத்துக்குப் பாய்ந்தாள். விரல்நுனி பட்டது. பந்து உள்ளே போனது.

படிகளில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். எவ்வளவு தத்ரூபமாக விழுந்தாள் என்று ஒருவர் வியந்தார். காந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். லாயிட் பிரபாவைப் பார்த்துக் கும்பிட்டான். நான் விடவில்லை என்று பிரபா கத்தினாள். அவன் கண்ணடித்தான்.

ஹெஸ்டர் நகரவில்லை. ஓர்லா அணி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் கையைத் தூக்கவில்லை.

பிரபா எழுந்தாள். நேராக சௌம்யாவிடம் போனாள்.

"எருமை. உன் தோள் மேல ஏறி அடிக்கிறா. நீ இன்னா வேடிக்கை பாத்துனு இருந்தியா?"

"நெஜமாத்தான் எழும்பினேன் அக்கா. அவ எனக்கு மேல எழும்பினா."

"ஒம்போது மேட்ச். ஒண்ணு வுட்டதில்ல நானு."

கையுறையைக் கழற்றி வலைக்குள் எறிந்தாள். நடுவிரல் வீங்கியிருந்தது.

இருவரும் என்ன பேசினார்கள் என்று ஹெஸ்டர் கோட்டோரம் போய் லாயிட்டிடம் கேட்டாள். மத்தியானம் முழுவதும் பொய் சொன்ன லாயிட் இந்த முறை வரிவரியாக மொழிபெயர்த்தான். முதல் வார்த்தையை மட்டும் விட்டுவிட்டான். ஹெஸ்டர் அது என்ன என்று கேட்டாள். சொன்னான்.

ஹெஸ்டர் தலையசைத்தாள். பிரபாவை இன்னொரு முறை பார்த்தாள். அவள் இப்போது கோல் தூணை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் ஹெஸ்டர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் அவளைத் துரத்திப் பிடித்து, கீழே தள்ளி, மேலே விழுந்தார்கள். கோல் விழுந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. நரேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக ஹெஸ்டருக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

ஹெஸ்டர் அவரையும் கட்டிப்பிடித்தாள்.