ஓட்டை விழுந்த க்ரேப்

கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. பெல்ட்டில் வரும் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். ஒரு குமிழ், ஒரு கீறல், எது இருந்தாலும் கழிவுத் தொட்டிக்குள் போட்டுவிடுவேன். பதினாறு வருஷம். அங்கே எனக்குக் 'கழுகு' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் சூப்பர்வைசரைத் தவிர யாருக்கும் கிடையாது.

இப்படிப்பட்ட என்னை ஒரு க்ரேப் படுத்திய பாடு இருக்கிறதே!

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். என் கணவரின் முதல் மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது. பத்து வயதில் ஒரு மகள். என்னிடம் மரியாதையாகத்தான் நடப்பாள். அதுதான் பிரச்சினை. போட்டதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டாள். விருந்தாளி மாதிரி. போன திங்கட்கிழமைதான் முதல் முறையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு க்ரேப் பண்ணத் தெரியுமா?"

ஸ்நேகிதி வீட்டில் சாப்பிட்டாளாம். மைதா, பால், முட்டை கரைத்துத் தவாவில் மெல்லிசாக ஊற்றி, திருப்பிப் போட்டு, ஜாம் தடவி மடிப்பது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஓ, நாளைக்கே பண்ணலாமே!" என்று வாய் முந்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து, அவள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் பண்ணிப் பார்த்தேன். கரண்டியில் மாவை எடுத்துவிட்டு, ஊற்றாமலே நின்றேன். மாவு ஊற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். நாலு மாதத்தில் அந்தப் பிள்ளை கேட்ட ஒரே பொருள் அது. சொதப்பினால் இனி எதையுமே கேட்க மாட்டாள் என்ற பயம். முதலாவது ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது நன்றாகத்தான் வந்தது. பழக்கதோஷம், எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் மூன்று பொட்டு ஓட்டை. அதுவும் குப்பைக்கூடைக்குப் போனது.

"பால் தீந்துபோச்சும்மா, நாளைக்குப் பண்றேன்" என்று சொல்லி வைத்தேன். புதன்கிழமையும் பண்ணிக் குப்பையில் போட்டுவிட்டுத் தலைவலி என்றேன். வியாழக்கிழமை வேலையிலும் மனசு ஒட்டவில்லை. "என்ன கழுகு, இன்னிக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். அன்று பண்ணியதும் குப்பைக்குத்தான் போனது, ஆனால் வீட்டில் சாக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அன்றைய நாலாவதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் புத்தகப்பை விழும் சத்தம். பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அவள் குப்பைக்கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்க பண்ணினதா?"

"நல்லா வரலம்மா. பாரு, ஓட்டை."

"தினமும் பண்ணினீங்களா?"

தலையாட்டினேன். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன்.

"எனக்குப் பண்ணித் தர உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டிலில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற எனக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையின் முகம் நாலு நாளாகக் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ஐயோ, அப்படி இல்லடா கண்ணு. பயம். நல்லா இல்லன்னா நீ அப்புறம் எதுவுமே கேக்க மாட்டியோன்னு பயம்."

"க்ரேப்புக்கா இவ்வளவு பயந்தீங்க?"

சிரித்துவிட்டாள். என் கையிலிருந்ததைப் பிடுங்கி, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். "இன்னொண்ணு ஊத்துங்க."

ஊற்றினேன். கிழிந்தது, கிழிந்தபடியே தின்றாள். அடுத்தது திருப்பும்போது பாதி மடிந்துபோனது. அதற்கும் ஜாம் தடவினாள். ஏழாவது ஊற்றும்போதுதான் கவனித்தேன், அவள் வந்த பிறகு எதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவே இல்லை. தவாவைச் சாய்த்ததும் மாவு சொன்னபடி கேட்டு ஓரம் வரை பரவியது. ஓட்டைகள் இருக்கத்தான் செய்தன. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாலையில் அவர் வந்தார். வாசனை பிடித்து நேரே மேஜைக்குப் போய், தட்டில் மூடி வைத்திருந்த கடைசி ஒன்றை எடுக்கக் கை நீட்டினார்.

"அப்பா, தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் கை அப்படியே நின்றது. "அது அவங்களுக்கு. எனக்கு ஊத்தி ஊத்திக் கொடுத்துட்டு அவங்க இன்னும் சாப்பிடவே இல்ல."