சபையில் சொன்ன பெயர்

பாராளுமன்றத்தில் மங்கையர்க்கரசிக்குப் பேச நேரம் கிடைப்பது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு வேளையில்தான். அமைச்சர்கள் எழுந்து போயிருப்பார்கள். எதிர்வரிசையில் யாராவது ஒருவர் பத்திரிகையை விரித்துக்கொண்டிருப்பார். வரவு செலவுத் திட்டம் என்றால் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார் இல்லாததைப் பேசுவாள். சுகாதாரம் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுத்து நடத்தவேண்டும் என்பாள். காணி விவாதம் வந்தால், லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராகூடச் சொந்தமில்லாத சனத்தைப் பற்றிச் சொல்லுவாள். அவள் தமிழில் பேசுவதால் மற்றவர்கள் காதில் கருவி மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். மாட்டுகிறவர்கள் குறைவு.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சிங்களத்தில் சொல்லும் புவாட் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டாக வேண்டும். அது அவர் உத்தியோகம். ஒருநாள் நடைபாதையில் எதிர்ப்பட்டபோது, "மேடம், நீங்க ஆறுதலா, நிதானமாப் பேசுறது எனக்கு லேசு" என்றார். சபைக்கு வந்த நாளிலிருந்து அவள் பேச்சைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்கள் என்றால் அது அவ்வளவுதான்.

அவள் வாக்குக் கேட்டு வந்தவள் இல்லை. கேகாலை மாவட்டத்தில் தோட்டத்து வாக்கை மட்டும் நம்பி ஒரு தமிழர் வென்றுவர முடியாது. கட்சிக்குக் கிடைத்த தேசியப் பட்டியல் இடத்துக்கு இரண்டு தலைவர்கள் முட்டிக்கொண்டார்கள். இருவருக்குமே தொந்தரவில்லாத ஆளாக, யட்டியாந்தோட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மங்கையர்க்கரசி டீச்சரைப் பிடித்துப் போட்டார்கள். எழுபதுகளில் அவளுடைய அப்பா, அம்மா, தம்பிமார் எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்கு, கூடலூருக்குப் போய்விட்டார்கள். டீச்சர் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. "பின்னால வர்றேன்" என்று சொன்னவள் போகவேயில்லை. கல்யாணமும் அமையவில்லை. கூட்டம் நடக்கும் நாட்களில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கான மாதிவெல குடியிருப்பில் ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வைப்பாள். மற்ற நாட்களில் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள தன் வீட்டில் அதையே செய்வாள்.

2008ஆம் வருஷம். வடக்கில் சண்டை உக்கிரமாக இருந்தது. ஒரு காலையில் இருளாயி அந்த வீட்டுக்கு வந்தாள். தெரணியகலைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மகன் சுரேந்திரன் கொழும்பு புறக்கோட்டையில் இரும்புக்கடையொன்றில் வேலை பார்த்தான். இரவுச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"எந்த பொலிஸ்னே தெரியலைங்க டீச்சர். கேட்டா இங்க இல்ல, அங்க இல்லங்கிறாங்க. நீங்க யார்கிட்டயாச்சும் சொல்லி எடுத்துக் குடுங்க."

"நான் பாக்குறேன் இருளாயி. நீ அழாத."

மங்கையர்க்கரசி தொலைபேசியில் விழுந்து கிடந்தாள். பாதுகாப்பு அமைச்சில் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். கட்சிச் செயலாளர் யோகராஜிடம் சொன்னபோது, "பேரு வாங்கி வச்சுக்கிறேன், தலைவர் பேசுவாரு" என்றார்.

அந்த மாதத்து அவசரகாலச் சட்ட நீடிப்பு விவாதம் வந்தது. விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து வைக்க இடம் கொடுக்கிற சட்டம்; நீடிப்பு மாதாமாதம் வருவதுதான். கட்சி அரசாங்கத்தோடு இருந்ததால் கை தூக்குவதும் வழக்கம்தான். யோகராஜ் முதல்நாளே எடுத்துச் சொன்னார்: "டீச்சர், ஒங்களுக்குக் கொஞ்ச நேரம் வாங்கியிருக்கேன். தோட்டத்து ரோட்டப் பத்திப் பேசுங்க. சட்டத்தைத் தொடாதீங்க."

ரோட்டைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். தெரணியகலை ரோடு என்று சொன்னதும் இருளாயி அந்த ரோட்டில் இறங்கி வந்தது கண்ணுக்கு முன்னால் நின்றது. கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"சுரேந்திரன் என்று ஒரு பையன். இந்த ரோட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிறந்தவன். அவனைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். என்ன குற்றம் என்று சொல்லவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பெற்றவளுக்கும் சொல்லவில்லை. இந்தச் சட்டத்துக்கு நான் எப்படிக் கை தூக்குவேன்?"

சபையில் முதல் தடவையாகப் பலர் கருவியைத் தேடி எடுத்துக் காதில் மாட்டினார்கள். "கொட்டியா!" என்று ஒரு குரல் வந்தது. புலி என்கிறான். அவள் அவன் பிறந்த தோட்டத்தின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வாக்கெடுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது "எதிர்" என்றாள். பக்கத்து ஆசனத்துக் கட்சிக்காரர் அதற்கு முன்பே எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் கட்சி கொடுத்திருந்த வாகனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். விளக்கம் கேட்போம் என்று அறிக்கை விட்டார்கள், ஆனால் கேட்க யாரும் வரவில்லை. தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. பொதுக் கூட்டங்களுக்கு மாலையோடு வந்து கூப்பிட்டவர்கள், கடைத்தெருவில் அவளைக் கண்டால் சட்டைப்பையில் எதையோ தேடினார்கள்.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது, ஞாயிற்றுக்கிழமை இருளாயி வந்தபோதுதான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள்.

"யாரைக் கேட்டு எம்புள்ள பேரச் சொன்னீங்க?"

"இருளாயி, நான் அவனுக்காகத்தான்..."

"பொலிஸ் வந்து காம்பராவக் கொட்டிக் கவுத்துட்டுப் போயிருக்கு. பக்கத்து லயத்து ஆளுக தண்ணிப் பீலியில என்கூட நிக்கிறதில்ல. நாட்டுக்காரச் சிங்களப் பயலுக ரோட்டுல நின்னு புலி புலின்னு கூவுறானுக. நான் ஒங்கள எடுத்துக் குடுக்கத்தானே சொன்னேன்? ஊருக்கெல்லாம் சொல்லவா சொன்னேன்?"

மங்கையர்க்கரசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை முக்காட்டை இழுத்துவிட்டு இருளாயி படியிறங்கிப் போனாள். அன்றைக்கு வைத்த சோறு அப்படியே கிடந்தது.

கொஞ்ச நாளில் சுரேந்திரனை விட்டுவிட்டார்கள் என்று முக்குக் கடை லாபிர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. தலைவர் பேசி எடுத்துக் கொடுத்ததாகக் கட்சி சொல்லிக்கொண்டது. இருக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மழை பிடித்த ஒரு பின்னேரம் அவனே வந்தான். இளைத்துப் போயிருந்தான். வலது கையை மடக்க முடியாமல் பக்கவாட்டில் தொங்க விட்டிருந்தான்.

"அம்மாவுக்குத் தெரியாதுங்க டீச்சர் நான் வந்தது."

"உக்காரு. தேத்தண்ணி போடுறேன்."

"வேணாங்க. பஸ்ஸு போயிரும்." அவன் நின்றபடியே சொன்னான். "ஒருநாள் பொலிஸ் பெரிய மாத்தியா ஒருத்தர் வந்து என் பேரக் கேட்டாரு. பாராளுமன்றத்துல சொன்ன கொல்லா, அந்தப் பையன், நீதானான்னாரு. அன்னையிலருந்து அடி இல்லைங்க. என்கூட இருந்த ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க திரும்பி வரவே இல்ல. அவங்க பேரு வெளிய யாருக்கும் தெரியாது."

மங்கையர்க்கரசி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"கட்டாருக்குப் போகப் போறேன். இனிமே என் பேர எங்கயும் சொல்லிறாதீங்க. கோவிச்சுக்காதீங்க டீச்சர்."

"சொல்லமாட்டேன்."

அவன் மழையில் இறங்கி ஓடினான். கூடக் கொஞ்சம் இருந்துவிட்டுப் போயிருந்தால் நல்லா இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட, இல்லை துக்கப்பட, வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. அடுப்படிக்குப் போய்த் தனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த மாத விவாதத்துக்குக் கட்சி அவளுக்கு நேரம் தரவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, கடைசியில் சில நிமிஷம் வாங்கினாள். அதற்கு முன் வரக்காப்பொலைக்குப் போய், மகனைத் தேடிக்கொண்டிருந்த மல்லிகா என்ற இன்னொரு தாயைக் கண்டாள். சபையில் பெயரைச் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று ஒன்றும் மறைக்காமல் விளக்கினாள். மல்லிகா முழுதையும் கேட்டாள். பிறகு, "சொல்லுங்க டீச்சர். வர்றது வரட்டும்" என்றாள்.

விவாதத்தன்று காலை யட்டியாந்தோட்டையில் கொழும்பு பஸ் ஏறினாள். எல்லாருக்கும் அவளைத் தெரியும். பஸ் நிறைந்து ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள், ஆனால் அவள் பக்கத்து ஆசனம் காலியாகவே வந்தது. அவிசாவளையில் கைக்குழந்தையோடு ஒரு சிங்களப் பெண் ஏறி, "மெதன கவுருத் இன்னவத நோனா?" என்று கேட்டாள். இங்கே யாராவது இருக்கிறார்களா என்கிறாள்.

"நே. வாடி வென்ன," என்று, உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் விட்டாள் மங்கையர்க்கரசி. குழந்தை தூங்கிக்கொண்டே அவள் மடியில் காலை நீட்டியது. காலைத் தட்டிவிடாமல், சபையில் சொல்லப்போவதை உதட்டுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தாள்.