ஃபிளோரிஸின் வாசல்

சவ ஊர்தியின் குறுக்கே வாசல் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு, ஓட்டுநரிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் எல்மரி.

"பெட்ரோல் வண்டி உள்ள போகக்கூடாது சித்தப்பா."

"அடிப்பாவி, உள்ள படுத்திருக்கறது உங்கப்பன்டி!" என்று கத்தினார் கேரல்.

படுத்திருந்த ஃபிளோரிஸ் பதினோரு வருடம் இதே வாசலில் காவல் நின்றவர். பாதிரியார் காரைத் திருப்பி அனுப்பியவர், சொந்தத் தம்பி கேரலின் கல்யாண ஊர்வலத்தையே மறித்தவர். அவர் நோயில் விழுந்தபின் வேலை மகளுக்கு வந்தது. உள்ளே, தென்னாப்பிரிக்காவின் கரூ பொட்டலில், ரேடியோ தொலைநோக்கியின் முந்நூறு கம்பிவலைக் கிண்ணங்கள் வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன. கண்ணுக்கே தெரியாத கரும்பொருள் வாயுவை இழுத்துச் சேர்க்க, அதில் பற்றிக்கொண்ட முதல் விண்மீன்களின் தடயத்தைத் தேடும் வேலை. ஓர் எஞ்சின் பொறி, ஒரு கைப்பேசி போதும், அதன் ரேடியோ இரைச்சலில் எல்லாம் பாழ். குடும்பக் கல்லறையும் உள்ளேதான் இருந்தது.

வானியல் ஆய்வாளர் மொலெஃபி ஓட்டமும் நடையுமாக வந்தார். "ஒரு மணி நேரம் கேக்கறத நிறுத்திடறோம் எல்மரி. அவருக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

"நாப்பது நாள் விடாம கேட்டதெல்லாம்?"

"இன்னைக்கு மத்தியானத்தோட முடியும். நிறுத்தினா... முதல்லேருந்துதான்."

"வேணாம் சார். அப்பா எழுந்து வந்து என்னை அறைவாரு."

சவத்தோடு வந்த கூட்டம் சிரித்துவிட்டது. கேரல் முணுமுணுத்தபடியே போய்த் தன் கழுதை வண்டியை ஓட்டிவந்தார். "இதுல பொறி வராதில்ல?"

எல்லோருடைய கைப்பேசியும் அணைக்கப்பட்டுத் தகரப்பெட்டிக்குள் போயிற்று. எல்மரி அப்பாவின் ரேடியோ இரைச்சல் சோதனைக் கருவியை, வண்டியில் ஏற்றிய சவப்பெட்டிமேல் ஓட்டினாள். முள் துள்ளியது.

கேரல் முகம் தொங்கிப்போயிற்று. "பேட்டரி வாட்ச். நான் வாங்கிக் குடுத்தது. காவலுக்கு ஆகாதுன்னு ஒருநாளும் கட்டல. இன்னைக்காவது கட்டட்டும்னு..."

எல்மரி பெட்டியின் மூடியைத் திறந்து, சில்லிட்ட மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றித் தகரப்பெட்டியில் வைத்தாள்.

"செத்தும் கட்டமாட்டேங்கறானே!" கேரல் அழுதுகொண்டே சிரித்தார்.

கட்டை உயர்ந்தது. ஊரே தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தது. பாட்டுக்குத் தடை இல்லை.

கடைசிப் பிடி மண் விழுந்து ஊர் இன்னும் நின்றிருக்கையில் மொலெஃபி மூச்சிரைக்க வந்தார். "நாப்பது நாளும் முடிஞ்சுது எல்மரி. பதிவுல ஒரு கீறல் இல்ல!"

குழிமேட்டில் நின்றிருந்தவர்கள் தொப்பிகளை வானத்தில் வீசினார்கள். எல்மரிக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

திரும்பும்போது வாசலில் அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். கேரல் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் கையில் கட்டிக்கொண்டு, அண்ணன் காத்த விதிப்படி கட்டைக்கு வெளியே வந்து நின்றார்.